வீட்டுக்குத் திரும்பி வந்த மீசான் கல்

நடந்தவை வரிசைப்படி:

1. மழைக்காலத்தில், காய்ச்சலில் என் தங்கச்சி மௌத்தானாள்.
2. ஆண்கள் ஜனாஸாவை மையவாடிக்குத் தூக்கிப்போனார்கள். உம்மாவும் நானும் வீட்டில் இருந்தோம். எங்கள் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை, அதன்பிறகும் மையவாடிக்குப் போவதில்லை.
3. கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசானாக, அடையாளத்துக்கு, பலகை நட்டார்கள்.
4. அடுத்த வருடம், பலகை உக்கிவிடும், கல் வைக்கலாம் என்று நான் சொன்னேன். வாப்பா சம்மதித்தார்.
5. மையவாடிக்குப் போன கல் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கல்லைத் தெரிந்தெடுத்தது நான்தான். இரத்தோட்டைப் பாதையில் ஒருவர் கல் வெட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மழையில் அதன் எழுத்து மழுங்கும். கருங்கல்லைச் சொன்னேன்.

நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவள். என் எழுத்து வரைபடத்து எழுத்து, எல்லாம் ஒரே அளவு. அது வேண்டாம் என்று தோன்றியது. தங்கச்சி தன் தலையணை உறையில் சிவப்பு நூலால் பெயரைத் தைத்திருந்தாள். துணி முடிகிற இடத்தில் கடைசி எழுத்துகள் நெருங்கிச் சிறுத்திருக்கும். அதையே மெல்லிய தாளில் படியெடுத்துக் கொடுத்தேன்.

“கடைசி எழுத்து சின்னதாப் போச்சுங்களே, நேராக்கிரட்டுங்களா?” என்றார் கல் வெட்டுகிறவர்.

“வேணாம். அவ அப்படித்தான் எழுதுவா.”

வாப்பாவும், எனக்கு மூத்தவரான நாநாவும் கல்லை வண்டியில் ஏற்றிப்போனார்கள். மதியம் அதே வண்டியில் அது வந்தது. மேட்டு மண் மழையில் சரிந்திருந்ததாம். பலகைகள் இல்லை. பக்கத்தில் புதுக் கபுறுகள் வந்திருந்தன. தங்கச்சியின் கபுறு பலா மரத்தடிதான் என்றார் வாப்பா. கீழ் மதிலோரம் என்றார் நாநா. குழி வெட்டியவர் இரண்டும் இல்லாத வேறோர் இடத்தைக் காட்டினாராம்.

அன்று மாலை, கந்தோரில் செய்வதுபோல வாப்பாவையும் நாநாவையும் தனித்தனியாகக் கேட்டேன். வாசலில் இருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், நின்ற இடத்தில் எதிரே என்ன தெரிந்தது. வாப்பா, மண் போடும்போது தலையை நிமிர்த்தவே இல்லை என்றார். நாநாவுக்குக் குடைகள்தான் நினைவில் இருந்தன. குழி வெட்டியவர் காட்டியதையும் சேர்த்துத் தாளில் மூன்று புள்ளிகள் வைத்தேன். ஒன்றுக்கொன்று கிட்டவே வரவில்லை. படம் வரைய நிலையான ஒரு புள்ளியாவது வேண்டும். அளவு நாடாவோடு ஒருதரம் நானே போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

“பொம்புளப் புள்ள மையவாடிக்குப் போறல்ல, மகள்,” என்றார் வாப்பா. பிறகு, “போனாலும் நீ எதத்தான் அளக்கப் போற?” என்றார்.

தாளை மடித்து வைத்தேன்.

மூன்று இடத்தில் ஏதாவது ஒன்றில் கல்லை நட்டுவிடச் சொன்னா உம்மா.

“வேற ஒருத்தர்ட தலமாட்டுல இவட பேர நடவா, உம்மா?” என்றார் நாநா.

அவர் வெள்ளிக்கிழமைகளில் மையவாடிக்குப் போய் வருகிறார். எந்த இடத்தில் நின்று ஓதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “வாசல் கேட்டடியில. எல்லாருக்கும் பொதுவா ஸலாம் சொல்றேன். அவளுக்குத் தனியாச் சொல்லாட்டிக் கோவம் வரும், தெரியும்தானே,” என்றார். சிரிக்கப் பார்த்தார்.

தலையணை உறையை உம்மா அலுமாரியில் வைத்துவிட்டா. புள்ளி வைத்த தாளை நான் கிழித்துவிட்டேன். கல், கிணற்றடிச் சுவரில், எழுத்து உட்பக்கமாகச் சாத்தியிருக்கிறது. கபுறு எது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.