எட்டாம் நம்பர் கட்டில்

1. பதினாறு

"உங்க ஆஸ்பத்திரியில மொத்தம் எத்தனை பெட் மேடம்?" என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். "பதினாறு" என்பேன். வார்டின் கடைசிக் கட்டிலுக்கு மேலே சுவரில் சிவப்பு பெயின்ட்டில் 16 என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டர் தனியாக நடத்திய சின்ன நர்சிங் ஹோம். கீழே ஓ.பி., மருந்துக்கடை, நர்ஸ்கள் தங்கும் அறை. மாடியில் வார்டும் ஆபரேஷன் தியேட்டரும். எண்பதுகளின் நடுவில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். ஆறே வருஷத்தில் பில், சம்பளம், டியூட்டி சார்ட், இன்ஷூரன்ஸ் பேப்பர், ஆக்ஸிஜன் சிலிண்டர் வராவிட்டால் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை என்று எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. பெயர் மட்டும் மேனேஜர். சம்பளம் பழைய டைப்பிஸ்ட் சம்பளத்தை விட்டுப் பிரிய மனசில்லாமல் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

நான் கொஞ்சம் கோபக்காரி. ஒரு பேப்பர் தனியாகக் கிடந்தால் எனக்கு ஆகாது. எதையும் எதோடாவது சேர்த்து ஸ்டேப்பிள் அடித்துவிடுவேன். ஸ்டாஃப் எனக்குப் பின்னால் 'ஸ்டேப்ளர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரியாத மாதிரியே இருபது வருஷம் ஓட்டினேன்.

மெடிக்ளெய்ம் அப்போது புதுசு. இன்றைக்கு மாதிரி கார்டைக் காட்டினால் வேலை நடக்காது. நோயாளி முதலில் கையிலிருந்து பணத்தைக் கட்ட வேண்டும். பிறகு பில், கேஸ் ஷீட் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வைத்து அனுப்பினால் கம்பெனி திருப்பித் தரும். ஆனால் பாலிசியில் ஒரு விதி. ஆஸ்பத்திரியில் குறைந்தது பதினைந்து படுக்கை இருக்க வேண்டும், படித்த நர்ஸ் இரவு பகலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கணக்கில் அது ஆஸ்பத்திரியே இல்லை. இதற்கு நாங்கள் ஒரு சர்டிஃபிகேட் கொடுப்போம். 'மொத்தப் படுக்கைகள் பதினாறு' என்று டைப் அடித்து, சீல் குத்தி, ஜம்மென்று கையெழுத்துப் போடுவேன்.

அப்படி ஒரு சர்டிஃபிகேட்டோடு போனதுதான் கோவிந்தராஜின் க்ளெய்ம். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் மனைவி சரோஜாவுக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷன், பன்னிரண்டு நாள் வாசம் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம் பில். சரோஜாவின் தாலிச் செயினை அடகு வைத்துத்தான் கட்டினார்கள். தையல் பிரிக்க வந்த அன்று அந்த அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு. நான் பார்த்துவிடுவேனோ என்று முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார். தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம். அதற்குள் செயினை மீட்கவேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஐப்பசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் நகராட்சிப் பேப்பரில் பதினாலு படுக்கை என்று இருக்கிறதாம், நான் பதினாறு என்று எழுதியிருக்கிறேனாம். தங்கள் அதிகாரி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வருவார், அதுவரை கோவிந்தராஜின் க்ளெய்ம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

"நகராட்சிக்கு எண்ணத் தெரியுமா?" என்று திட்டிக்கொண்டே மாடி ஏறினேன். விரலை நீட்டி எண்ணினேன். பதினாலு. மறுபடி அந்தக் கோடியிலிருந்து எண்ணினேன். அப்போதும் பதினாலு.

2. மாடிப்படி

வார்டு சிஸ்டர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். முடிச்சூர் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து இருப்பவள்.

"ஏம்மா, ரெண்டு கட்டில் எங்க?"

"எந்த ரெண்டுக்கா?"

"எட்டும் பதிமூணும்."

அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அது எப்பவுமே இல்லையேக்கா. எட்டுன்னா யாரு படுப்பா? அட்மிஷனே வேணாம்னு எழுந்து போயிடுவாங்க. அதான் பெயின்டர்கிட்ட ஏழுக்கு அப்புறம் ஒன்பது போடச் சொன்னாரு டாக்டர். பதிமூணு நான்தான் வேணாம்னு சொன்னேன். எங்க ஆளுங்க படுக்க மாட்டாங்க."

தினமும் நாலு தடவை அந்த வார்டில் நடந்தவள் நான். ஏழுக்கு அடுத்து ஒன்பது என்பது ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கையெழுத்து என்னுடையது.

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டெல்லா ஒரு யோசனை கொண்டுவந்தாள். "பதினஞ்சு இருந்தா போதும்தானேக்கா? எங்க ரூம்ல இருக்கற இரும்புக் கட்டில் ஒண்ணை மேல போட்டுடலாம். அவர் போனதும் இறக்கிக்கலாம்."

"டாக்டர்கிட்ட கேட்க வேணாமா?"

"ரெண்டுலேருந்து நாலு அவர் தூங்கற நேரம். எழுப்பினா நமக்குத்தான் ஆபரேஷன்."

சரி என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் என் கண்ணுக்குள் அந்த மஞ்சள் கயிறுதான் நின்றது. அதோடு, பொய்ச் சர்டிஃபிகேட் கொடுத்தவள் என்று எங்கள் ஆஸ்பத்திரி க்ளெய்ம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் என்ற பயமும் இருந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் மணி முன்னால் பிடித்தான். பின்னால் பிடிக்க ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து, க்ளெய்ம் என்ன ஆச்சு என்று கேட்க கோவிந்தராஜ் வந்தார். வாரம் இரண்டு தடவை வருவார். "இன்னா மேடம், கட்டிலு எங்க போவுது? வுடுங்க, நான் புடிக்கறேன்" என்று தோளைக் கொடுத்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

எங்கள் மாடிப்படி பாதியில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மணி மேலே, கோவிந்தராஜ் கீழே, நானும் ஸ்டெல்லாவும் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கிறோம். குடையும் தோல்பையுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். பையைப் படியில் வைத்தார். "தலைப்பக்கத்தைத் தூக்குங்க. காலை வெளிப்பக்கமா சாய்ங்க" என்று சொல்லி ஒரு காலைத் தானே பிடித்துத் திருப்பினார். கட்டில் பூ மாதிரி மேலே போய்விட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். யாரைப் பார்க்கணும்?" என்றேன்.

கையைத் தட்டிக்கொண்டார். "இன்ஷூரன்ஸ் கம்பெனியிலேருந்து வரேம்மா. மின்சார ரயில் சீக்கிரம் வந்துடுச்சு. இங்க பெட்டை எண்ணணும்." கட்டிலைப் பார்த்தார். "இதை எண்ணணுமா, வேணாமா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். சொல்ல ஆயிரம் பொய் இருந்தது. ஆனால் கட்டிலைத் தூக்கிவிட்ட மனுஷனிடமே எப்படிச் சொல்வது?

"வேணாம் சார். அது நர்ஸுங்க படுக்கற கட்டில். உங்களுக்குக் காட்டத்தான் தூக்கினோம்."

கோவிந்தராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார்.

3. குறட்டை

அதிகாரி எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்டெல்லாவின் நர்சிங் சர்டிஃபிகேட்டைப் பார்த்தார். என் டியூட்டி சார்ட்டைப் பார்த்தார். மூன்று ஷிஃப்டுக்கும் படித்த நர்ஸ் பெயர் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லாவை அனுப்ப, பொங்கலுக்கு யாரை நிறுத்துவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட சார்ட். "இது நல்லா இருக்கு" என்றார். பிறகு வார்டுக்குப் போனார். ஒவ்வொரு கட்டிலின் கம்பியையும் பேனாவால் தட்டி எண்ணினார்.

"பதினாலு."

"சார்," என்றார் கோவிந்தராஜ், "ஒத்தைக் கட்டிலுக்காக எனக்கு துட்டு வராதா சார்? கல்லு எடுத்தது நெஜம்தானே சார்? என் சம்சாரம் வயித்துல தையல் தழும்பு கீது, காட்டச் சொல்றேன் சார்."

"உங்க மேல தப்பே இல்லீங்க. விதி அப்படி. பதினஞ்சு இல்லேன்னா நான் எழுத முடியாது."

அவர் பேனாவைத் திறந்தார். வார்டே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், வார்டுக்கோடியில் மூடியிருந்த கதவுக்கு உள்ளேயிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"அங்க யாரு?"

"எங்க டாக்டர் சார். ரெஸ்ட் எடுக்கறார்."

"எதுல படுத்திருக்கார்?"

மற்ற பதினாலோடு சேர்த்து வாங்கிய கட்டில்தான் அது. தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடி உட்பட. திறப்பு விழா அன்று களைப்பாக இருக்கிறது என்று டாக்டர் தற்காலிகமாக அந்த அறையில் போடச் சொன்னார். அந்தத் தற்காலிகத்துக்கு வயது ஒன்பது. டாக்டர் ரூம் கட்டில் என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். பெட் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

"பதினஞ்சாவது கட்டில்ல சார்!" என்றேன்.

அவர் அசையவில்லை. "நோயாளி படுத்தா பெட். டாக்டர் படுத்தா ஃபர்னிச்சர்."

"சார், சார்!" கோவிந்தராஜ் கிட்டத்தட்ட ஓடி வந்தார். "மொத நாளு என் சம்சாரம் அந்த ரூம்லதான் சார் படுத்துகினு இருந்தா! வார்டுல எடமே இல்ல. காலேஜு பசங்க ரொம்பிகினு இருந்தாங்க. டாக்டரே எழுந்து எடம் வுட்டாரு. சுவத்துல முருகர் காலண்டர் கீது பாருங்க, ராத்திரி பூரா அதைத்தான் கும்பிட்டுகினு இருந்தேன்."

ஸ்டெல்லா கையைத் தட்டினாள். "ஆமாக்கா! ஹாஸ்டல் பசங்களுக்கு ஜாண்டிஸ் வந்த சமயம். நான் கேஸ் ஷீட்லயே எழுதினேன்."

அசல் கேஸ் ஷீட்டைத் தேட ரெக்கார்டு அலமாரிக்கு ஓடப் போனேன். அதிகாரி தன் தோல்பையைத் திறந்தார். நான் அனுப்பிய நகல் அவரிடமே இருந்தது. மூன்று இடத்தில் ஸ்டேப்பிள் அடித்திருந்ததால் பிரிக்க முடியாமல் திணறினார். "யாரும்மா இப்படி அடிச்சது?" மணி திரும்பி நின்று சிரித்தான். முதல் தாளிலேயே ஸ்டெல்லாவின் கோழிக்கிறுக்கல்: வார்டு நிரம்பிவிட்டதால் நோயாளி டாக்டர் ஓய்வறைக் கட்டிலில். என் கையால் அனுப்பிய தாள். நான் படிக்கவில்லை, அவர்கள் கம்பெனியிலும் ஒருவரும் படிக்கவில்லை.

அட்மிஷன் ரெஜிஸ்டரைக் கேட்டார். அந்த ஜாண்டிஸ் மாதத்தில் காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன்கள் நாலு பேர் அதே கட்டிலில் இருந்திருக்கிறார்கள். பிறகு கதவைத் தட்டினார்.

டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்தார். "என்னம்மா, எமர்ஜென்சியா?"

"ஆமா சார்" என்றேன்.

அதிகாரி உள்ளே போய்க் கட்டில் கம்பியைப் பேனாவால் ஒரு தட்டுத் தட்டினார். "பதினஞ்சு. ஆனா ரெண்டு கண்டிஷன். இனிமே இதுல நோயாளி மட்டும்தான். அப்புறம், நம்பர் வேணும்."

"பதினேழுன்னு போட்டுடலாம் சார்" என்றாள் ஸ்டெல்லா அவசரமாக.

"ஏம்மா, எட்டு காலியாத்தானே இருக்கு?" அவர் ரிப்போர்ட்டில் எழுதியே விட்டார். ஸ்டெல்லா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

பதினாறு என்று எழுதியதற்கு என்னிடம் ஒரு மன்னிப்புக் கடிதமும் புது சர்டிஃபிகேட்டும் வாங்கிக்கொண்டு போனார். மார்கழி முடிவதற்குள் கோவிந்தராஜுக்கு செக் வந்தது. என்னிடம் காட்ட ஓடி வந்தவர், ஒரு வாய் காபி குடிக்கக்கூட நிற்கவில்லை. பேங்க் மூடிவிடுமாம், செக்கைப் போட்டால்தானே செயின் வரும். அவர் போன பிறகு பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான்.

4. எட்டு

டாக்டருக்கு ஒரு பிரம்பு ஈசிசேர் வாங்கிப் போட்டோம். அதில் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று ஒரு வருஷம் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார்.

இப்போது ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பார்த்து, எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறது என்று ஆக்குபன்சி சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாடி ஏறி, விரலை நீட்டி, கட்டிலை எண்ணினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பொருளை ஒரு தடவை கையால் தொட்டுவிடுங்கள். அவ்வளவுதான் நான் கற்றது. அதற்கு நான் கொடுத்த விலை குறைவு. சரோஜாதான் இரண்டு மாதம் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

எட்டில் படுக்கத்தான் ஆள் கிடைக்காது என்று பயந்தோம். இரண்டு வருஷம் கழித்து கோவிந்தராஜ் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வந்தார். கூடவே சரோஜா. அட்மிஷன் ஃபாரத்தை எடுத்து, "அஞ்சு காலியா இருக்கு, பதினொண்ணும் காலி" என்றேன்.

"எட்டு குடுங்க மேடம்" என்றார் சரோஜா.

"எட்டாம்மா? நிஜமாவா?"

அந்த அம்மா முந்தானைக்குள்ளிருந்து செயினை வெளியே எடுத்து, நான் பார்க்கும்படி புடவை மேல் போட்டுக்கொண்டார். "இதை எனக்கு மீட்டுக் குடுத்த கட்டில் மேடம் அது. வேற எதுலயும் இவரைப் படுக்க விடமாட்டேன்."

"எட்டுல ஆள் இருக்காங்களேம்மா."

"எப்போ போவாங்க? நாங்க வெயிட் பண்றோம்."

"வெயிட் பண்ணித்தான் ஆகணும். இவருக்கு ஆபரேஷன் பண்ண வேண்டியவரே அங்கதான் படுத்திருக்கார்" என்றேன்.

மூன்று நாளாக டாக்டருக்கு வைரஸ் காய்ச்சல். முறைப்படி அட்மிஷன் போட்டு, கேஸ் ஷீட் எழுதி, நானே ஸ்டேப்பிள் அடித்திருந்தேன். கோவிந்தராஜ் கோடிக் கதவு வரை போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் கால் விரலில் நடந்து திரும்பி வந்தார்.

"நல்லா தூங்கினு கீறாரு மேடம். எழுப்பாதீங்க. பாவம், நாங்க திங்கக்கிழமை வர்றோம்."