ஒரே வெட்டு

பரமநாதன் அண்ணை காலமான செய்தி எனக்கு மிச்சம் என்ற இடத்து ட்ராம் நிறுத்தத்தில் காத்து நிற்கும்போது வந்தது. அழைத்தவர் அவருடைய மனைவி சரசக்கா. "தங்கச்சி, விடிய இவர் போயிட்டார். நித்திரையிலேயே. ஒரு கரைச்சலும் இல்லை" என்றார். அழுதேன். அழுதுகொண்டே, இனி அந்த ஏழு குத்து விஷயத்தை அவரிடம் சொல்லவே ஏலாதே என்றும் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதுதான் உண்மை.

இந்த நினைவு மலரை வாசிக்கும், அண்ணையை அறிந்த உங்களில் பலர் அவரோடு கோச் பஸ்ஸில் ஸ்கொட்லாந்தின் வடக்குக் கோடிக்குப் போனவர்கள். லூயிஷாமில் அவர் வீட்டடியில் ஏறினால் பகல் முழுக்க ஓட்டம், இரவு ஒரு தங்கல், பிறகு அந்த மலையிடுக்கு. ஊரில் நிலவியல் படித்து, இங்கே கவுன்சிலில் வீதி திருத்தும் பகுதியில் வேலை பார்த்த மனிதருக்கு அந்த இடத்தில் அப்படி ஒரு பிடிப்பு. அங்கே பழைய பாறை மேலேயும் புதிய பாறை கீழேயும் கிடக்கிறது. அது எப்படி என்று கேட்டால், "சட்டியில பழங்கறிக்குக் கீழ புதுக்கறி கிடந்தா என்ன சொல்லுவீங்கள்? ஆரோ பிரட்டிப்போட்டினம் எண்டுதானே. இது பூமி பிரட்டினது" என்பார். இடுக்கை வெட்டியது யார் என்றால், "பனி உருகின தண்ணி. வேற ஒருத்தருமில்லை."

அந்த இடத்தைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கைநூல் எழுதினோம். கல்லைப் பற்றியது அவருக்கு, அந்த ஊர்க் கதை எனக்கு. இடுக்கின் மேலுள்ள தொங்குபாலத்தில் நின்று நூலில் கல்லைக் கட்டி இறக்கி, மூன்று தரம் ஆழம் பார்த்தார். "நான் அளந்ததைத்தான் எழுதுவன். நீங்கள் கேட்டதை மட்டும் எழுதுங்கோ" என்றார்.

நான் கேட்டது மிகச் சின்னக் கதை. ஆடுகள் தண்ணீர் குடிக்க வழியில்லை என்று ஓர் அரக்கன் வாளை எடுத்து மலையை ஒரே வெட்டாக வெட்டினானாம். கதை சொன்ன, அங்கே தேநீர்க்கடை வைத்திருந்த கிழவி அதோடு நிறுத்திவிட்டார். இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று எனக்கு எரிச்சல். எங்கள் ஊரில், கன்னியாவின் ஏழு வெந்நீரூற்றும் பிறக்க இராவணன் வாளால் ஏழு தரம் குத்தினான் அல்லவா, அந்த ஏழையும் தூக்கி இந்த அரக்கன் கையில் கொடுத்துவிட்டேன்.

புத்தகம் வந்த பிறகு எல்லோரும் பாலத்தில் நின்று கீழே பாறையில் ஏழு குழியை எண்ணத் தொடங்கினார்கள். எண்ணினால் இருக்கத்தானே செய்யும். வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்த ஓர் அம்மா குழிக்கு ஒன்றாக ஏழு பூப் போட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற அண்ணை காதைச் சொறிந்தார். ஒவ்வொரு வருடமும் அவரிடம் உண்மையைச் சொல்ல நினைத்து விழுங்கினேன்.

சென்ற கிழமை சரசக்கா மீண்டும் அழைத்தார். "அந்த ஏழு குத்துக் கதையை அவற்ர பேரில நினைவு மலரில போடப்போறம்." அளக்காத ஒரு வரியும் எழுதாதவர் பெயரில் என் பொய்யா? சொல்லிவிடுவது என்றே லூயிஷாம் போனேன். நான் வாய் திறக்குமுன் சரசக்கா அவருடைய கைநூல் பிரதியைக் கையில் தந்தார். கதையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

"ஏழு குத்து கன்னியாக் கதை. இங்கே ஒரே வெட்டு. கிழவியிடம் நானும் கேட்டேன். தங்கச்சி தானாகச் சொல்லட்டும். அவசரமில்லை."

"உங்களுக்கும் தெரியுமே அக்கா?"

"ஓம். கோச்சில திரும்பி வரேக்க ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பார். மலரில போடப்போறம் எண்டாலாவது நீங்கள் வந்து சொல்லுவீங்கள் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். சரி, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

எத்தனையோ வருடமாகச் சுமந்தது அந்த மேசையிலேயே இறங்கியது. அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. "அவசரமில்லை" என்ற அந்தப் பென்சில் எழுத்தைத்தான் நான் அவருடைய நினைவாக வைத்துக்கொள்ளப்போகிறேன். ஆனால் அண்ணை, இந்த மலருக்கு அவசரம். ஆகவே எல்லோரும் அறிய எழுதுகிறேன்: அரக்கன் வெட்டியது ஒரே தரம். ஏழு தரமும் குத்தியது நான்.