படகு வரட்டும், ஐயா

நீதிமன்றம் கூடுவதற்குச் சற்று முன்பு எழுதுவினைஞர் என் பக்கம் குனிந்து சொன்னார்: “றெஜினா அக்கா விடிய மோசம் போயிட்டா.”

தீவுப்பகுதியில் நெடுங்காலம் சிறுவர் நன்னடத்தை அலுவலராக இருந்த அவரை இதை வாசிக்கும் பலர் அறிவீர்கள். அவருடைய கோபத்தையும் அறிவீர்கள். இறந்துவிட்டார் என்பதற்காக அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

பெற்றோர் வந்து பொறுப்பேற்றால்தான் பிள்ளைக்குப் பிணை. நெடுந்தீவுப் பெற்றோரோ கடல் கடந்து வர வேண்டும். அதனால் அந்தப் பிள்ளைகளின் வழக்குகளைக் கடைசியில் கூப்பிடும்படி அக்கா எழுந்து நிற்பார். “படகு வரட்டும், ஐயா.”

எழுதுவினைஞர் சீண்டுவார்: “அக்கா, நீங்கள் நன்னடத்தையோ, துறைமுகமோ?”

“ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான் தம்பி. வழக்குக் கோப்பை அடியிலை வையும்.”

சட்டத்தரணியாக வந்த புதிதில், சிறுவர் வழக்கை விரைந்து முடிக்க வேண்டும், காவல் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அவரிடம் பேசியிருக்கிறேன். “ஓம் பிள்ளை. ஆனால் உம்மடை சட்டத்துக்குச் சோளகக் காத்து அடிக்கிறது தெரியாது” என்றார்.

நெடுந்தீவு நிலானியின் வழக்கில் அதைக் கண்டேன். வேலைக்கு நின்ற வீட்டில் சங்கிலி எடுத்தாள் என்று குற்றச்சாட்டு, வயது பதினைந்து. பிணை கேட்கவிருந்த நாளில் அக்கா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வழக்கு முதலாவதாகக் கூப்பிடப்பட்டது. தாயைக் காணவில்லை, வழக்கை இன்னொரு நாளுக்குத் தவணை போட்டார்கள். வாகனம் பிள்ளையைத் தடுப்பு இல்லத்துக்குக் கொண்டுபோன பிறகு, உப்புநீரில் நனைந்த சேலையோடு தாய் ஓடிவந்தார். அடுத்தடுத்த தவணைகளில் காற்று, படகே ஓடவில்லை. காய்ச்சல் மாறி எழும்பி வந்த அக்கா தன் பொறுப்பில் விடக் கேட்டும் நடக்கவில்லை. கடைசியில் சங்கிலி அந்த வீட்டிலேயே அகப்பட்டது. விசாரணை தொடங்காமலே வழக்கு முடிந்தது.

வழக்கு முடிந்த அன்று, குறிகட்டுவான் இறங்குதுறையில் எங்களை ஏற்றிவந்த வான் வண்டியிலிருந்து தாய் இறங்கி, “வா மேனை” என்றார். நிலானி அசையவில்லை. அக்காவைப் பார்த்து, “மிஸ், இறங்கலாமோ?” என்றாள்.

“ஓம் பிள்ளை, இறங்கு.”

படகில் ஏறவும் கேட்டாள். ஏறிய பின் பலகையில் இருக்கவும் கேட்டாள்.

படகு மறைந்த பிறகும் அக்கா நகரவில்லை. “விட்டாச்செண்டு எழுதிப்போட்டினம். எங்கை விட்டது?” என்றார். அதற்குப் பிறகு காய்ச்சலென்று அவர் விடுப்பெடுத்து நான் அறியேன்.

செய்தி கேட்ட அன்று முதலில் கூப்பிடப்பட்டது ஒரு நெடுந்தீவுப் பிள்ளையின் பெயர். என் கட்சிக்காரர் அல்ல. ஆனாலும் எழுந்தேன். “படகு வரட்டும், ஐயா.” எழுதுவினைஞர் வழக்குக் கோப்பை அடியில் வைத்தார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வசனம். நிலானியின் கேள்வியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சுவரோரம் நின்ற அந்த நெடுந்தீவுப் பிள்ளை என்னைப் பார்த்தது.

“மிஸ், இருக்கலாமோ?”

ஓம் சொல்ல அக்கா இல்லை. நான் சொன்னேன்.