அப்பாவுக்கு ஒரு சாவி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்த மாதிரி இருக்க வேண்டாம். சென்னையில் நான் பார்க்கும் வேலை, 'பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்று கம்பெனிக்காரர்களுக்குப் பாடம் எடுப்பது. அப்பேர்ப்பட்ட நான், வேங்கிக்கால் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக மாட்டிய கேமராவில், டப்பாவில் அச்சடித்திருந்த பாஸ்வேர்டையே விட்டுவைத்திருந்தேன். ஒருநாள் அந்தக் கேமராவின் ஸ்பீக்கர் வழியாக எவனோ இந்தியில் பேசியிருக்கிறான். அம்மா பயப்படவில்லை. சாப்பிட்டாயா என்று அவனை விசாரித்திருக்கிறாள். போனில் என்னிடம், "உன் ஃபிரண்டு பேசினான்டா, நல்ல பையனா கீறான், பாஷைதான் புரியல" என்றாள்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், முன்பு போலச் சத்தமாக இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிடுவாள். அப்பா இருந்தவரை தட்டை எடுத்து வைப்பது அவர் வேலை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அம்மா சென்னைக்கு வரமாட்டேன் என்கிறாள். ஆகவே நான் சென்னையிலிருந்தே அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறு எவனும் பார்க்கக் கூடாது. அதற்காக வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு மூடிய வழி போட்டேன், விபிஎன் என்பார்கள். உள்ளே வர வேண்டிய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாவி, இரண்டு பாதியாக. ஒரு பாதி வீட்டில் இருக்கும் இன்டர்நெட் பெட்டியில், மறுபாதி அந்தக் கருவியில். மறுபாதி இல்லாதவன் எத்தனை தட்டினாலும் பெட்டி வாயே திறக்காது.

என் போனுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று போட்டேன். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள், "உங்க அப்பாவுக்கு?"

"அவருகிட்ட ஏதும்மா போனு?"

"அமாவாசைக்கு இலை போடறப்ப, வாய் எங்கன்னு கேக்கறியா? போடு."

போட்டேன். 'அப்பா' என்று பெயர் கொடுத்து ஒரு சாவி உருவாக்கி, ஒரு பாதியைப் பெட்டியில் வைத்தேன். மறுபாதியை எங்கே வைப்பது? எங்கும் சேமிக்காமல் அழித்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், அந்த மறுபாதி இந்த உலகத்தில் எந்தக் கருவியிலும் கிடையாது. யார் உள்ளே வந்தாலும் எனக்கு மெசேஜ் வரும்படியும் செய்துவிட்டு சென்னை திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து நடந்தது இது. நடுநிசி எல்லாம் இல்லை, மத்தியானம் மூன்று மணி. ஆபீஸில் தயிர்சாதம் கண்ணை இழுத்துக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது: 'அப்பா உள்ளே வந்துள்ளார்.' அந்த வாசகத்தை நானே விளையாட்டாக எழுதி வைத்திருந்தேன்.

சத்தியமாக எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. மறுபடி எவனோ புகுந்துவிட்டான், மானம் போச்சு என்றுதான் நினைத்தேன். கேமராவைத் திறந்தேன். வாசற்கதவைப் பார்க்கும்படி நான் வைத்திருந்த, போனிலிருந்தே திருப்பக்கூடிய கேமரா, சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. நிலைப்படிக்கு இந்தப் பக்கம், தரையில், அம்மாவின் இரண்டு பாதங்கள். ஸ்பீக்கரில் கத்தினேன். அசையவில்லை.

எதிர்வீட்டு சாந்தகுமார் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, அம்மா விழுந்துட்டாங்க, ஓடுங்கண்ணே." பாவம், முழங்கால் வலிக்காரர், காம்பவுண்டு ஏறிக் குதித்து அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார். சர்க்கரை ரொம்பக் கம்மியாகியிருந்ததாம். ராத்திரி நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும், இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டுவிட்டார்.

அம்மா கண் விழித்தபின் வீட்டுக்கு வந்து பெட்டியின் குறிப்புகளை முழுக்கத் துழாவினேன். என் லேப்டாப் அன்றைக்குப் பையில், அணைந்து கிடந்தது. 'அப்பா' நான்கு நிமிஷம் உள்ளே இருந்திருக்கிறார், கேமராவைத் திருப்பியதும் அந்தச் சாவிதான். யார் வந்தாலும் எங்கிருந்து வந்தார்கள் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அந்த வரியில் மட்டும் அது காலியாக இருந்தது. கூட வேலை பார்ப்பவனிடம் காட்டினேன். மென்பொருள் கோளாறு என்றான். கோளாறு எப்படிச் சரியாகச் சமையலறைப் பக்கம் திரும்பும் என்று கேட்டதற்கு, டீ குடிக்கலாமா என்றான்.

அதற்குப் பிறகு அப்பா சாவி அசையவே இல்லை. தினமும் இருபது தடவை பார்க்கிறேன். ஒருநாள் வந்தது ஏன் என்பதுகூட இப்போது என்னைப் படுத்துவதில்லை. மற்ற நாளெல்லாம் உள்ளே வராமலே, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார் என்பதுதான்.

யாருடையது என்று தெரியாத சாவியை உடனே அழித்துவிட வேண்டும், நான் எடுக்கும் பாடத்தில் அதுதான் முதல் விதி. போன வாரம் போனபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அம்மாவிடமே கேட்டேன்.

"ம்மா, அப்பா சாவிய அழிச்சிடட்டுமா?"

"வேணும்னா உன்னோடத அழிச்சிக்கோ."