மூன்று கோடி ஜோடிகள்

எந்த டிஸ்க் வந்தாலும் மாங் சூன்-ஓக் முதலில் அதை ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்பார். பிறகுதான் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க? ஒண்ணுமே பண்ணலன்னு மட்டும் சொல்லாதீங்க."

யோங்சான் மின்னணு அங்காடியின் மூன்றாம் மாடியில், கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுத் தரும், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் கடை. அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்துநான்கு. விசைப்பலகையில் எண்ணெய் படக்கூடாதென்று இடக்கையால் கிம்பாப் சோற்றுருளையை எடுத்துக் கடித்துக்கொண்டே வலக்கையால் தட்டுவார். நகல் எடுக்காமல் அசலைத் தொடமாட்டார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

திங்கட்கிழமை கூ மி-ரான் என்ற பெண் வந்தாள். அவள் தம்பி கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, நடக்க முடியாமல் கிடக்கிறான். பாதுகாப்புக் கொக்கியை அவனே கழற்றிவிட்டான் என்கிறது கம்பெனி. கொக்கிதான் உடைந்தது என்று காட்டும் ஒரே வீடியோ இந்த டிஸ்க்கில். வியாழக்கிழமை விசாரணை.

டிஸ்க் இருந்த அவள் வீட்டுக் கணினிச் சேமிப்புப் பெட்டி படு கறார். எழுதும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் அதன் இலக்கங்களிலிருந்து ஒரு சரிபார்ப்புத் தொகை போட்டு வைத்துக்கொள்ளும்; படிக்கையில் தொகை ஒத்துவராவிட்டால் தராது. வீடியோவில் ஒரே ஒரு துண்டு ஒத்துவரவில்லை.

பக்கத்துக் கடை ப்யோ எட்டிப் பார்த்தான். "அந்தத் துண்டை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக் குடு அக்கா. ஒரு நொடி புள்ளிபுள்ளியாத் தெரியும், அவ்வளவுதானே?"

"எதிர் வக்கீல் என்ன உன் மாமனா, சும்மா விட? வெட்டி ஒட்டினதும்பான். போடா, உன் கடையப் பாரு." மி-ரான் பக்கம் திரும்பினார். "பெட்டியில எதையாவது மாத்தினியா?"

"ரேம் கெட்டுப்போச்சுன்னு புதுசு போட்டேன் அக்கா. பழசைக் குடியிருப்புக் குப்பையில, மின்சாமான் பெட்டியில..."

"எப்ப அள்ளுவாங்க?"

"நாளைக்குக் காலையில."

"அப்ப ஏன் இன்னும் இங்க நிக்கற? எழுதறப்ப அந்த ரேம்தான் கெடுத்திருக்கும். எப்படிக் கெடுக்குதுன்னு பாக்கணும், ஓடு!"

தோள்வரை கையை விட்டுத் துழாவி, வால் அறுந்த சார்ஜர்களுக்கு அடியிலிருந்து அதை எடுத்துவந்தாள். சூன்-ஓக் சோதனை இயந்திரத்தில் செருகிப் பார்த்தார். ஒன்றும் பூஜ்யமுமாக அறுபத்துநான்கு இலக்கம் கொண்ட ஒவ்வொரு வரிசையிலும் முப்பத்தேழாவதை மட்டும், எப்போதாவது, ஒன்றிலிருந்து பூஜ்யமாக்கியது அந்த ரேம். "மாட்டினியாடா, திருட்டுப்பயலே!"

இனி எல்லா இலக்கத்தையும் சந்தேகப்பட வேண்டாம். ஒத்துவராத துண்டில் அந்த இடத்துப் பூஜ்யங்களை ஒவ்வொன்றாக ஒன்றாக்கித் தொகை போட்டால் போதும். அப்படி இருந்த எட்டாயிரம் இடங்களையும் பார்த்தாயிற்று, எதுவும் ஒத்துவரவில்லை. அப்படியானால் பிசகு இரண்டு இடத்தில். ஜோடி ஜோடியாகப் பார்த்தால் மூன்று கோடிக்கு மேல்.

"மூணு கோடியா!" மி-ரானுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீயா எண்ணப்போற? மெஷின் எண்ணும். எனக்கென்ன, நானும் உக்காந்திருக்கேன்."

புதன்கிழமை மதியம் தொகை ஒத்துவந்தது. வீடியோ முழுசாக ஓடியது. கொக்கி இரண்டாகப் பிளப்பது பளிச்சென்று தெரிந்தது. மி-ரான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க மாத்தினதும்பாங்களே, அக்கா?"

"ஆமா, மாத்தினேன். எந்த ரெண்டு இடம்னு எழுதித் தரேன். அந்தப் பெட்டி அன்னைக்கே போட்டுவச்ச தொகை இருக்கு. சந்தேகப்படறவன் தானே போட்டுப் பாக்கட்டும்."

எழுதினார். ரசீதில்கூட 'உத்தரவாதம் இல்லை' என்றே அச்சடித்து வைத்திருப்பவர், இழுப்பறையைக் கவிழ்த்துத் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையைத் தேடி எடுத்தார். சிவப்பு மையில் ஒற்றி, வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதி, எழுந்து நின்று, எழுதின தாளின் அடியில் இரண்டு கையாலும் அழுத்தினார்.