ஆட்டின் கழுத்தில் என் சலங்கை

கிளிநொச்சிச் சந்தையடியில் என் முகம் பெரிய பதாகையில் தொங்கியது. கீழே, "எங்கள் ரீச்சரின் முதல் மாணவி, திரைப்பட நடிகை" என்று எழுதியிருந்தார்கள். முதல் மாணவியாம்! வாகனத்துக்குள் இருந்தபடியே அதை இன்னொருமுறை வாசித்தேன்.

சின்ன வயதில் அந்த ரீச்சரிடம்தான் பரதம் பழகப் போனேன். அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்றவர். சலங்கைப் பூசையன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் சலங்கையைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ரீச்சர் அதை எடுத்து, கும்பிட்டு, பிள்ளையின் கையில் தருவார். அதற்குப் பிறகுதான் மேடை. என் தட்டத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"தோட்டக்காட்டுக் காலுக்கு உது எதுக்கு? கும்மிக்கு விடுறன், போய்ப் பின்னால நில்."

அம்மா என் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து, அந்தச் சலங்கையில் கொஞ்ச மணிகளை அறுத்து ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார். ஆடு போகிற இடமெல்லாம் கிணுகிணு என்றது. அந்த வாயில்லாச் சீவன்மேல்கூட எனக்குக் கோபம்.

பிறகு சண்டை, வள்ளம், இந்தியா, முகாம். சென்னையில் ஒரு நடன ஆசிரியர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே படித்தேன். சினிமாப் பாட்டுகளில் கடைசி வரிசையில் ஆடினேன். கதாநாயகிக்குத் தங்கையானேன். பரதம் ஆடுகிற பெண்ணாக ஒரு படம் கிடைத்த பிறகுதான் என்னை நாலு பேருக்குத் தெரிந்தது. அதில் உச்சக் கோபத்தோடு ஆடவேண்டிய இடத்துக்கு இயக்குநர் எதுவும் சொல்லித்தரவில்லை. தேவையும் இருக்கவில்லை. ரீச்சரை நினைத்துக்கொண்டேன், போதும்.

இப்போது அதே ரீச்சர், தன் மாணவிகளின் சலங்கைப் பூசைக்கு என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார். மண்டபம் நிரம்பியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து, பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியில், "இவாவுக்கு முதல் சலங்கை குடுத்த கை இது" என்று கையைத் தூக்கிக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நல்ல நடிகை.

நான் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"ரீச்சர் எனக்குச் சலங்கை தரேல்லை. எல்லாப் பிள்ளையளுக்கும் குடுத்திட்டு என்ர தட்டத்தை மட்டும் விட்டவா. ஏனெண்டு அவாவே சொல்லுவா."

ஒலிவாங்கியைத் திருப்பி அவர் கையில் வைத்தேன். இத்தனை வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது இதற்குத்தான். எனக்குத் தேனாக இனித்தது.

"பிள்ளை, உது பழைய கதை, விடுங்கோவன்" என்று அவர் மெல்லச் சொன்னார். அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பின்வரிசையில் ஒரு தாய் எழுந்தாள். மகளின் சலங்கைத் தட்டத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள். என் அம்மாவின் மலையகப் பேச்சு அப்படியே அவள் வாயில் வந்தது.

"சொல்லுங்க டீச்சர். எங்க புள்ளைகளும் இங்கதானே படிக்குது."

நான் போய்க் கதிரையில் இருந்தேன். ஒலிவாங்கி ரீச்சர் கையில்தான் இருந்தது.