வலிக்காத வலது கால்

என் நோயின் முதல் அறிகுறி என்னவென்று கேட்டால், எனக்கு வலிக்கவில்லை என்பதுதான். சிரிக்காதீர்கள். ஆஸ்டின் டவுன் வீட்டில் ஒரு காலை கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தேன். பின்னால் வந்த என் மனைவி பிலோமினா அலறினாள்.

"ஐயோ சேசுவே! என்னாங்க இது, வூடு முழுக்க ரத்தம்! கால்ல கண்ணாடி ஏறியிருக்குது, தெரியலயா?"

உடைந்த விளக்குச் சிம்னியின் துண்டு வலது பாதத்தில் குத்தி நின்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "இது என்னா சாதாரண காலா?" என்றேன்.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. நான் இந்திய அணியின் முன்வரிசைக் கால்பந்து ஆட்டக்காரனாக இருந்தவன். கோல் போடுவது என் வேலை. எங்களில் பலர் பூட்ஸ் போட மாட்டோம். கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவோம். கப்பலேறி ஆஸ்திரேலியா போனபோது, மழை ஈரத்தில், அடியில் கட்டை வைத்த பூட்ஸ்களுக்கு நடுவே இந்த வலது காலால்தான் கோல் அடித்தேன். ஆட்டம் முடிந்ததும் எதிரணித் தலைவர் என் பாதத்தைத் தூக்கச் சொல்லி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "நல்லா மரத்த காலு" என்பது எங்களுக்குள் பெரிய பாராட்டு.

காயம் ஆறவில்லை. சுண்டுவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரி டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். ஊசியால் பாதத்தில் குத்தினார்.

"நோவு இதெயா?"

"நோவா? எனக்கா? நல்லா மரத்த காலு டாக்டர்!"

அவர் சிரிக்கவில்லை. "ஆடின காலத்துல பந்து பட்டா தெரிஞ்சுதா?"

"என்னா கேள்வி! பந்தோட தையல்கூடத் தெரியுமே."

"அப்போ அது கெட்டியான காலு. இது செத்துட்டிருக்கிற காலு."

நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை மிகும் நோய்) என் நரம்புகளை ஓசையில்லாமல் தின்றிருந்தது. மரத்தல் என்ற ஒரே சொல்லில் நான் பலத்தையும் நோயையும் போட்டுக் குழப்பிவிட்டேன். கறுப்பு கணுக்காலைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்.

"இடது காலை எடுத்துக்குங்க டாக்டர். அது பெருசா ஒண்ணும் கிழிக்கலை" என்று கெஞ்சினேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவ்வளவு பயந்திருந்தேன்.

இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசிமருந்து) போட்டார்கள். புதிதாக வந்திருந்த பெனிசிலினும் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) கிடைத்தது. இரண்டு விரல்கள் போயின. ஆனால் கறுப்பு கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஒரு சிறு சீசா மருந்து அதை நிறுத்தியதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, அடுப்பில் வைத்ததுபோல் பாதம் எரிந்தது. "நோவுது! நோவுது!" என்று வார்டே அதிரக் கத்தினேன். ஓடிவந்த டாக்டர், நான் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நரம்பு விழிக்கும்போது சிலருக்கு இப்படி எரியுமாம்.

இதே நோயோடு இருப்பவர்களே, வலி இல்லாததை நம்பாதீர்கள். கால் சொல்லாததைக் கண்ணால் பாருங்கள். பூட்ஸை ஏளனம் செய்த நான் இன்று வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்கிறேன். என் பாதத்தைத் தினமும் பிலோமினா பார்க்கிறாள்.

போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அவள் பரண்மேலிருந்து என் பழைய பந்தை எடுத்தாள். என்னைக் கண் மூடச் சொல்லிப் பாதத்தில் வைத்து மெல்ல உருட்டினாள்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"ம்ஹும்."

பெருவிரலுக்கு அடியில் வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தையல்... தெரியுது பிலோமினா."

அவள் பந்தை எடுக்கவில்லை. முன்பெல்லாம் அந்தத் தையல் கண்ணிமைக்கும் நேரத்தில் காலைத் தொட்டுவிட்டு வலைக்குள் போய்விடும். அன்றைக்குத்தான் அது என் காலிலேயே தங்கியது.